மொழி தெரியும், எழுத்துதான் தெரியாது: ஒரு மாலை வகுப்பு அனுபவம்

வாரத்தில் மூன்று நாள், மாலை ஏழு மணிக்கு, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். பகலில் எனக்குக் கணக்கு எழுதும் வேலை. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக 2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துக்குத் தன்னார்வலர்கள் தேவை என்று கேட்டபோது பெயர் கொடுத்தேன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த பழக்கம் இருந்ததால், இது அதைவிடச் சுலபமாகத்தான் இருக்கும் என்று நம்பி இறங்கினேன். முதல் மாதத்திலேயே அந்த நம்பிக்கை உடைந்துவிட்டது. உடைந்த இடங்களை எழுதி வைத்தால், இனிமேல் தொடங்குகிறவர்களுக்கு அந்த ஒரு மாதமாவது மிச்சமாகும்.

முதல் நாள் பதினோரு பேர் வந்தார்கள். ஒன்பது பெண்கள், இரண்டு ஆண்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு ஆண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் 86.77 சதவீதம், பெண்களில் 73.44 சதவீதம். அந்த இடைவெளி என் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. சுவரில் பெரிய அட்டை மாட்டியிருந்தேன். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக மொத்தம் 247 என்று விளக்கினேன். அ, ஆ, இ, ஈ என்று எல்லோரையும் சேர்ந்து சொல்ல வைத்தேன். இரண்டு வாரம் இப்படியே போனது. மூன்றாவது வாரம் நான்கு பேர்தான் வந்தார்கள்.

வராதவர்களின் வீடுகளுக்குப் போனேன். எல்லோரும் ஏதோ ஒரு வேலையைக் காரணமாகச் சொன்னார்கள். ஒரு அக்கா மட்டும் என்னைத் திண்ணையில் உட்கார வைத்து உண்மையைச் சொன்னார். "கோவிச்சுக்காத டீச்சரு. எரநூத்தி நாப்பத்தேழுன்னு சொன்னியே, அத முடிக்க எனக்கு ஆயுசு பத்தாதுன்னு தோணிப்போச்சு. ரெண்டு வாரமா வந்தேன், ஒரு வார்த்தையும் படிக்கல."

ஒரு வார்த்தையும் படிக்கவில்லை என்பது உண்மை. ஐம்பது வருடமாகத் தமிழில் பேசி, சண்டை போட்டு, பேரம் பேசி, தாலாட்டும் பாடியவரை நான் "அம்மா, ஆடு" என்று உட்கார்த்தி வைத்திருந்தேன். ஐந்து வயதுக் குழந்தைக்கு எழுத்தும் புதிது, சொற்களிலும் பாதி புதிது. பெரியவர்களுக்கு மொழி முழுசாகத் தெரியும், அதன் எழுத்து மட்டும்தான் தெரியாது. இந்த ஒன்று புரிந்த பிறகு, நான் செய்துகொண்டிருந்த எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று.

அட்டையைக் கழற்றினேன். அடுத்த வகுப்பில் மூன்றே எழுத்துகள்: ட, ப, ம. மூன்றிலும் கோடுகள்தான் அதிகம், சுழியே கிடையாது. ட என்றால் ஒரு கோட்டைக் கீழே இழுத்து, அப்படியே வலப்பக்கம் திருப்பினால் போதும். அதோடு ஒரு புள்ளி, ஒரு துணைக்கால், ி என்ற கொக்கி. அவ்வளவுதான். இவற்றை மட்டும் வைத்து எத்தனை சொல் எழுதலாம் என்று வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். படம், பட்டம், பாடம், படி, மாடி, பாட்டி, பாப்பா, மாமா, மாமி, பட்டா.

அன்றைக்குப் பலகையில் முதலில் எழுதியது "பட்டா". அறிவொளி இயக்கத்தின் பாடநூலும் இந்தச் சொல்லில்தான் தொடங்கியது. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு மாவட்டங்களில் நடந்த அந்த எழுத்தறிவு இயக்கத்தில் வேலை செய்த பெரியவர் ஒருவர் எங்கள் பகுதியில் இருக்கிறார். அவர்தான் எனக்கு இதைச் சொன்னார். நிலம் வைத்திருப்பவருக்கும் இல்லாதவருக்கும் பட்டா என்ற சொல்லின் எடை தெரியும். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்னொருவரிடம் காட்டிக் கேட்டே பழகியவர்கள் அவர்கள். ப, ட், டா என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன். ஒரு நொடி யாரும் பேசவில்லை. அப்புறம், திண்ணையில் உண்மையைச் சொன்ன அதே அக்கா, "பட்டா!" என்று சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். அன்று ஒன்றரை மணி நேரத்தில் எல்லோரும் ஆறேழு சொற்களாவது படித்துவிட்டார்கள். யாரும் எழுந்து போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. பிரேசிலில் பாவ்லோ ஃபிரெய்ரே என்ற கல்வியாளர் 1963-இல் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேர வகுப்புகளில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். அகர வரிசையை அவர் தொடவில்லை. அந்த மக்கள் அன்றாடம் புழங்கும், அவர்கள் வாழ்க்கையைப் பாதிக்கும் சொற்களைப் பொறுக்கியெடுத்து, அவற்றை அசைகளாகப் பிரித்து, அந்த அசைகளிலிருந்து புதுச் சொற்களை அவர்களையே உண்டாக்க வைத்தார். தமிழுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. நம் உயிர்மெய்யே ஒரு அசைதானே.

உயிர்மெய்யில் சிக்கல் வருவது உகரத்தில். துணைக்காலும் கொக்கியும் எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரி ஒட்டிக்கொள்ளும். கு, டு, து, பு, மு, ரு என்று வரும்போது ஒவ்வொன்றும் ஒரு வடிவம். ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு தைரியமாக வந்தவர்கள் இங்கே தடுமாறுவார்கள். இதைக் கடைசிக்குத் தள்ளவும் முடியாது, ஏனென்றால் வீடு, மாடு, கிணறு, எனக்கு, வந்தது என்று பாதித் தமிழ் உகரத்தில்தான் முடிகிறது. நான் வரிசையை விட்டுவிட்டு, அடிக்கடி வருகிற கு, டு, து, பு, மு, ரு, று ஆகிய ஏழு எழுத்துகளை மட்டும் சொற்களோடு சேர்த்து, ஒரு வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் கொடுத்தேன். ஊகாரத்துக்குப் பூ, மூக்கு, தூக்கு, கூடை போதும். ங வரிசையில் ங் ஒன்று தெரிந்தால் நாளிதழே படித்துவிடலாம். ஔகார வரிசையைச் சொல்லித்தரவே இல்லை. இதுவரை யாரும் கேட்கவும் இல்லை. 247 என்ற எண்ணை நான் அப்புறம் வகுப்பில் உச்சரிக்கவில்லை.

இரண்டாவது மாதம் வேறொரு தடை வந்தது. இதைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "இலை" என்று எழுதியிருந்தேன். ஒரு அம்மா இ என்றார், லை என்றார். இரண்டும் சரி. சேர்த்து "இலை" என்றும் சொன்னார். என்ன என்று கேட்டால் தெரியவில்லை. மூன்று முறை படித்தார், முகம் வாடிப்போனது. பக்கத்தில் இருந்தவர் மெதுவாக, "எலயாக்கும்" என்றார். "அட, எலயா! அத எதுக்கு இன்னு எழுதி வச்சிருக்கு?" என்று அந்த அம்மா கேட்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவர் வாழ்நாளில் இலை என்று சொன்னதே இல்லை. எல, வெல, கொடம், ஒலகம், வாளப்பளம் என்றுதான் பேசியிருக்கிறார். நாம் பள்ளியில் பத்து வருடம் கழித்ததால் எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் ஒன்றுக்கொன்று தானாக மாறிவிடும். அவர்களுக்கு அந்தப் பாலம் இல்லை. எழுத்துக் கூட்டிச் சரியாகப் படித்தும் பொருள் புரியாமல் நிற்பவரைப் பார்த்து, மந்தம் என்று நினைத்துவிடுவது எளிது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், அது அவர்களுக்குச் செய்த அநியாயம்.

அதன் பிறகு ஒரு பழக்கம் வைத்தேன். புதுச் சொல் வந்தால் பலகையில் இரண்டு பக்கம். இடப்பக்கம் நாம் சொல்வது, வலப்பக்கம் காகிதத்தில் இருப்பது. எல, இலை. வந்துட்டாங்க, வந்துவிட்டார்கள். இருக்குது, இருக்கிறது. நாலைந்து வாரத்தில் அவர்களே இந்த மாற்றத்தின் ஒழுங்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "கடைசில ஆங்கன்னு நாம இழுத்தா, பொஸ்தவத்துல ஆர்கள்னு இருக்கும்" என்று கொத்தனார் அண்ணன் ஒருவர் மற்றவர்களுக்கு விளக்கினார். எழுதும்போது நான் திருத்துவதே இல்லை. "மக நல்லா இருக்காளா" என்று எழுதினால் அது சரியான வாக்கியம், படிப்பவருக்குப் புரிகிறது. படிப்பது எழுத்துத் தமிழில் வரட்டும், எழுதுவது அவர்கள் வாய்த் தமிழில் வரட்டும். இதில் என்னோடு உடன்படாத ஆசிரிய நண்பர்கள் உண்டு. ஆனால் எழுதிய முதல் வரியிலேயே சிவப்பு மையைப் பார்த்தவர் இரண்டாவது வரி எழுதமாட்டார் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இன்னொருவர் கதை. அறுபதைத் தாண்டியவர். சின்ன வயதில் மூன்றாம் வகுப்பு வரை போனவர், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள நிறுத்திவிட்டார்கள். மற்றவர்களைவிட வேகமாகப் படிப்பார். ஆனால் மாலை, தலை, அண்ணா என்று வரும்போது மட்டும் நின்றுவிடுவார். எனக்குக் காரணமே பிடிபடவில்லை. ஒருநாள் "தலை" என்று எழுதச் சொன்னேன். லகரத்துக்கு மேலே யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு போட்டார். அப்போதுதான் புரிந்தது. 1978-இல் தமிழ்நாட்டு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றின் பழைய வடிவங்களை மாற்றியது. அவர் அதற்கு முன்பே பள்ளியை விட்டவர். அவர் மறக்கவில்லை, எழுத்துதான் மாறிவிட்டது. இதைச் சொன்னபோது, "அப்ப தப்பு எம்மேல இல்லையா?" என்று கேட்டார். இல்லவே இல்லை அம்மா என்றேன். புது வடிவம் ஏழையும் ஒரே மாலையில் பழகிக்கொண்டார். உங்கள் வகுப்பில் அந்த வயதுக்காரர் யாராவது இருந்தால், எப்போது பள்ளிக்குப் போனீர்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்பதுக்கு மேல் கிட்டத்தில் இருப்பது மங்குவது எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் படிக்காதவருக்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் அவருக்குச் சின்ன எழுத்தை உற்றுப் பார்க்கும் வேலையே இருந்ததில்லை. ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனதைத்தான் கவனித்திருப்பார். எங்கள் வகுப்பில் "எனக்கு மண்டையில ஏறல" என்று சொன்ன நான்கு பேரில் மூன்று பேருக்குக் கிட்டத்தில் இருப்பதைப் படிக்க உதவும் கண்ணாடிதான் தேவைப்பட்டது. இப்போது சேர்கிற அன்றே, நூலைக் கோக்கச் சொல்லிப் பார்க்கிறேன். முடியவில்லை என்றால் கண் பரிசோதனைக்குப் போய்வந்த பிறகுதான் பாடம். பலகையிலும் தாளிலும் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், விளக்கு தலைக்குப் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சொந்த நிழலே நோட்டில் விழும்.

கையும் அப்படித்தான். மண்வெட்டியும் கரண்டியும் பிடித்த கை பென்சிலைப் பிடிக்கும்போது அதே பலத்தோடு பிடிக்கும். முனை உடையும், தாள் கிழியும், பத்து நிமிடத்தில் விரல் வலிக்கும். தாள் கிழிந்தால் அவர்களுக்கு வெட்கம். அதனால் முதல் இரண்டு வாரம் சிலேட்டு, இல்லாவிட்டால் தரையில் சாக்பீஸ். கோலம் போடத் தெரிந்த பெண்களிடம் தரையைக் கொடுத்துவிட்டால் எழுத்து அழகாகவே வருகிறது. நோட்டுக்கு மெதுவாகப் போனால் போதும்.

சரி, உட்காரும் இடம். எங்களுக்குக் கிடைத்தது ஒரு தொடக்கப்பள்ளி வகுப்பறை. ஒன்றாம் வகுப்புப் பெஞ்சுகள். முழங்கால் நெஞ்சில் இடிக்க, வரிசையாக, என் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பேரன் உட்காரும் பெஞ்சில் பாட்டி உட்கார்ந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்தோம். நானும் கீழேதான். வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டு "உள்ளேன்" சொல்ல வைப்பதையும் நிறுத்தினேன். யார் வந்தார்கள் என்று நானே குறித்துக்கொள்வேன். மூத்தவர்களை அம்மா, ஐயா என்றும் மற்றவர்களை அக்கா, அண்ணா என்றும்தான் கூப்பிடுகிறோம். உதவிக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நான் சொன்ன முதல் விதி அதுதான். நாலு பேருக்கு ஒருவர் என்று அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் பாடம் நன்றாக நகர்கிறது.

நேரத்தை நான் ஆறு மணி என்று வைத்திருந்தேன். எனக்கு அது வசதி. அவர்களுக்கு அதுதான் தண்ணீர் பிடித்து அடுப்பு பற்றவைக்கும் நேரம். ஏழு மணி என்று அவர்கள் வைத்த பிறகுதான் வருகை நிலைத்தது. அறுவடைக் காலத்தில் மூன்று வாரம் விடுமுறை விட்டுவிடுகிறோம். முன்பு அந்த வாரங்களில் ஆள் குறைந்ததைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். நாமே விடுமுறை என்று அறிவித்துவிட்டால், வராதவர் விலகியவர் ஆவதில்லை, திரும்பி வரத் தயங்குவதும் இல்லை. கைக்குழந்தையோடு வருகிறவர்களைக் குழந்தையோடு வரச் சொல்லிவிடுங்கள். ஒரு மூலையில் நாலு பொம்மை கிடந்தால் போதும்.

கணக்கில் அவர்களுக்கு நான் சொல்லித்தர அதிகம் இல்லை. மனக்கணக்கில் என்னை முந்துகிறார்கள். கைபேசியால் 0 முதல் 9 வரை எண்கள் எல்லோருக்கும் தெரிகிறது. தெரிந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதால், புதிதாக வருகிறவருக்கு முதல் கால்மணி நேரம் எண்கள்தான். தன் கைபேசி எண்ணைத் தானே எழுதிவிட்டவர் "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அப்புறம் சொல்வதில்லை.

கையெழுத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எல்லோரும் முதலில் கேட்பது அதுதான். கைநாட்டு வைக்கும்போது மை பூசிய பெருவிரலை இன்னொருவர் பிடித்து அழுத்தும் அந்த நொடியைப் பற்றி அவர்கள் பேசினால் கேட்கவே கஷ்டமாக இருக்கும். அதனால் கையெழுத்தைச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. ஆனால் பெயரை ஒரு படம் மாதிரி வரையப் பழகிவிட்டு நின்றுவிடுகிறவர்கள் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பே எழுத்தறிவு பெற்றவர் என்று கருதுவது, ஏதாவது ஒரு மொழியில் புரிந்துகொண்டு படிக்கவும் எழுதவும் தெரிந்தவரைத்தான். படிக்கத் தெரியாமல் கையெழுத்து மட்டும் போடத் தெரிவது கைநாட்டைவிட ஆபத்தாகவும் ஆகலாம். கைநாட்டு என்றால் எதிரில் இருப்பவர் சாட்சி வைத்து, ஓரளவு படித்தும் காட்டுவார். கையெழுத்துப் போட்டால் படித்துவிட்டுத்தான் போட்டீர்கள் என்று எடுத்துக்கொள்வார். அதனால் பெயர் எழுதப் பழகியதும், அந்தப் பெயரில் இருக்கும் எழுத்துகளைப் பிரித்து வேறு சொற்கள் எழுத வைக்கிறேன்.

திட்டத்தின் முடிவில் ஒரு மதிப்பீட்டுத் தேர்வு உண்டு. படிப்பது, எழுதுவது, எண்ணறிவு என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 50 மதிப்பெண், மொத்தம் 150. தேர்வு என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு பேருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அதன் பிறகு, மாதம் ஒருமுறை அதே மாதிரித் தாளை "இன்னிக்கு இதப் பாப்போம்" என்று சாதாரணமாகக் கொடுத்துப் பழக்கிவிட்டேன். தேர்வைவிட எனக்குக் கவலை தருவது அதற்குப் பிந்திய ஆறு மாதம். படிக்க எதுவும் இல்லாவிட்டால் கற்ற எழுத்து கையை விட்டுப் போய்விடும். முதல் சுற்றில் தேர்ச்சி பெற்ற ஒருவர் அடுத்த வருடம் பார்த்தபோது பாதியை மறந்திருந்தார். இப்போது முடித்தவர்களுக்காக வெள்ளிக்கிழமை மட்டும் வகுப்பு தொடர்கிறது. பாடம் கிடையாது. நாளிதழ்த் தலைப்புகள், பிள்ளைகளின் பள்ளியிலிருந்து வந்த சுற்றறிக்கை, மின்கட்டண அட்டை என்று அவரவர் வீட்டில் இருக்கும் காகிதத்தைக் கொண்டுவந்து படிப்போம். மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து, காலாவதி தேதி ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டதால் ஆங்கிலப் பெரிய எழுத்துகளையும் தொடங்கியிருக்கிறோம்.

அந்தப் பெரியவர் அறிவொளி நாட்களைப் பற்றிப் பேசும்போது புதுக்கோட்டையைத்தான் அதிகம் சொல்வார். அங்கே எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரும் ஊக்கம் கொடுத்தார். சைக்கிளுக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களிடம் இந்தப் பெரியவர், "வகுப்புக்கு வரவே இன்னொருத்தர் துணை வேணும்னா அவங்க எப்படி வருவாங்க?" என்று திருப்பிக் கேட்பாராம். எங்கள் வகுப்பில் சைக்கிளின் இடத்தில் இருப்பது கைபேசி. வெள்ளிக்கிழமைகளில் கடைசி அரைமணி நேரம் அதற்குத்தான்.

கைபேசியில் தமிழ் தட்டச்சு செய்வதில் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. கொத்தனார் அண்ணன் "மேஸ்திரி" என்று சேமிக்க வேண்டும் என்றார். கையால் எழுதும்போது கொம்பை முதலில் போட்டு அப்புறம் மகரத்தை எழுதித்தான் அவருக்குப் பழக்கம். கைபேசியிலும் கொம்பை முதலில் அழுத்தினார். புள்ளி வட்டத்தோடு ஏதோ வந்தது. ம முதலில், கொம்பு பிறகு என்று காட்டினேன். கொம்பு தானாக மகரத்துக்கு முன்னால் போய் நின்றதைப் பார்த்து, நாலு தடவை அழித்து அழித்துப் போட்டுப் பார்த்தார்.

திண்ணையில் என்னிடம் உண்மையைச் சொன்ன அக்காவின் கைபேசியில் பெயர்களே இல்லை. மகன் எல்லோருக்கும் ஒரு படம் வைத்துக் கொடுத்திருந்தான். பெரியக்காவுக்கு ஒரு பூ, மகளுக்கு ஒரு நட்சத்திரம், மாடு வாங்குகிறவருக்கு ஒரு மாடு. படம் இல்லாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் கடைசி மூன்று எண்ணை வைத்து யாரென்று கண்டுபிடிப்பார். போன வெள்ளிக்கிழமை அவரே உட்கார்ந்து அ, க், கா என்று ஒவ்வொன்றாகத் தேடி அழுத்தினார். புள்ளியைக் கண்டுபிடிக்கத்தான் நேரமானது. சேமித்துவிட்டு, எழுத்தையும் பக்கத்திலிருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் என்னிடம் நீட்டி, "இந்தப் பூவ எப்படி டீச்சரு எடுக்கிறது?" என்று கேட்டார்.